மேயர் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்

கஸ்பர் வாய் திறக்காமல் நிற்பதில் கெட்டிக்காரர். இதற்கெல்லாம் யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று கேட்கலாம். கொடுக்கிறார்கள். கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில் அவருக்கு இருபது வருஷத்துக்கு மேலாகக் கொடுத்து வருகிறது.

பகலில் அவர் நகர மண்டபத்தின் பொறுப்பாளர். கதவு திறப்பது, ஹீட்டரோடு மல்லுக்கட்டுவது, நாற்காலி அடுக்குவது, கக்கூசுக்குப் பேப்பர் வைப்பது எல்லாம் அவர்தான். ஆனால் கவுன்சில் கூடுகிற மாலைகளில் ஆளே வேறு. கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை, தோளில் வெள்ளிப் பூண் போட்ட பெரிய தடி. அதைச் சுமந்துகொண்டு அவர் முன்னே நடக்க, மேயர் பின்னே வருவார். சபை முழுக்க எழுந்து நிற்கும். தடியை மேசையில் கிடத்திவிட்டு, மேயரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். தடி மேசையில் இருந்தால்தான் அது கவுன்சில். இல்லாவிட்டால் வெறும் கூட்டம், எடுத்த முடிவு எதுவும் செல்லாது. இடைவேளை விடும்வரை தடி தூக்கியவர் இடத்தைவிட்டு அசையக்கூடாது. பேசுவது என்ற பேச்சே இல்லை. விக்டோரியா மகாராணி காலத்திலிருந்து அப்படி.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் அவருக்கு வாய் உண்டு. மண்டபத்தைப் பொதுசனத்துக்குத் திறந்துவிடுகிற நாள். அன்றைக்கு அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிடுவார்.

"அப்ப இது சதுப்பு நிலம். ரயிலும் துறைமுகமும் வந்தாப் பிறகுதான் ஊரெண்டு ஒண்டு முளைச்சது," என்று தமிழர் யாரும் வந்தால் தமிழிலேயே தொடங்குவார். "புதுக் கவுன்சில், புதுப் பணக்காரர். பெரிய பெரிய விஷயம் கதைச்சிருப்பினம் எண்டு நினைக்கிறியளோ? ஆரின்ரை தெருவுக்கு முதல் விளக்கு, றோட்டிலை கிடக்கிற குதிரைச் சாணியை ஆர் அள்ளுறது, ஒருத்தரின்ரை பண்டி இன்னொருத்தரின்ரை தோட்டத்துக்குள்ளை பூந்து கோவாவைத் திண்டிட்டுது, இதுகள்தான். தண்ணிப் பம்புக்குப் பச்சை அடிக்கிறதோ சிவப்பு அடிக்கிறதோ எண்டு ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடிச்சவையள்."

ஆட்கள் சிரிப்பார்கள். அதன் பிறகுதான் தன் பிடித்தமான கதைக்கு வருவார். துறைமுகத்திலிருந்து மீன் கொண்டு வந்து தெருவில் விற்ற பெண்களைப் பொலிஸ் விரட்டிக்கொண்டே இருந்ததாம். அந்தப் பெண்கள் சபைக்கு வந்து, கீழ்க்கோடியில் மனுக்காரர் நிற்கிற பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, இடம் கேட்டார்கள். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த முற்றத்தையும், ஒரு தண்ணீர்க் குழாயையும், மீன் வெட்ட ஒரு கல்லையும் கவுன்சில் கொடுத்தது. கொடுத்த பிறகு நாற்றம் சபைக்குள் வந்தது. அதற்கும் ஒரு கூட்டம். பெண்களை விரட்டுவதா, ஜன்னலை மூடுவதா? ஜன்னலை மூடினார்கள். ஆணியடித்து, மேலே பெயின்ற் பூசி. அந்தப் பக்கத்து ஜன்னல்கள் அதற்குப் பிறகு திறந்ததேயில்லை.

கடைசியாக மேயரின் கைமணியை எடுத்துக் காட்டுவார். அந்தக் காலத்தில் மனுக் கொடுத்தவர்கள் எதிரே இருந்த சாராயக் கடையில் உட்கார்ந்துகொண்டு, சபையைக் காக்க வைத்தார்களாம். பொறுமை கெட்ட ஒரு மேயர் விதி போட்டார். பெயரைச் சொல்லி மூன்று தரம் மணி அடிப்பது. மூன்றாவது அடிக்குள் மனுக்காரர் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும். இல்லையென்றால் மனு விழுந்துவிடும், ஆறு மாதத்துக்கு அதே விஷயத்தைக் கொண்டு வர முடியாது. அந்த விதியும் இன்றைக்கும் இருக்கிறது. அதைக் கஸ்பரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. மணியைத் துடைப்பதும் அவர்தானே.

அந்த முற்றத்தில், அதே கல்லில், மேரிறோஸ் மீன் விற்றார். யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. கஸ்பர் பக்கத்துப் பாஷையூர். இரண்டு பேரும் ஒரே கடல் தண்ணீரில் கால் நனைத்தவர்கள். லண்டனுக்கு வந்த காலத்தில் மேரிறோஸ் நாலைந்து மீன்கடைகளில் கூலிக்கு நின்றவர். முதலாளிமாரின் பேச்சு வாங்கி வாங்கி அலுத்துப்போய்த்தான் சொந்தமாகப் பலகை போட்டார். "செத்தாலும் இனி இன்னொருத்தன்ரை கடையிலை கத்தி பிடிக்கமாட்டன்," என்று சொல்லுவார். சும்மா சொல்லுகிற பேச்சில்லை.

முற்றத்தை மூடி, சைக்கிள் நிறுத்தவும் கோப்பி குடிக்கவும் இடம் அமைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, கஸ்பர் வெள்ளிக்கிழமை மீன் வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, உங்கடை மேயரம்மா எங்களை எழுப்பப் போறாவாமே?"

"அவ ஆர் எழுப்ப? மனுக் குடுங்கோ மேரிறோஸ். கம்பியடியிலை நிண்டு கதையுங்கோ. அந்தக் காலத்துப் பொம்பிளையள் அப்பிடித்தானே இந்த இடத்தை வாங்கினவையள்."

"எனக்கு இங்கிலிசு அவ்வளவு ஓடாது."

"விலை சொல்லேக்கை நல்லா ஓடுது."

பக்கத்தில் மரக்கறி விற்கிற ஜெஸ்ரின் கத்தரிக்காயை அடுக்கியபடி குரல் கொடுத்தான். "அண்ணை, நீங்களே ஒரு வார்த்தை கதைச்சு விடலாமே? மேயருக்கு அவ்வளவு கிட்ட நிக்கிறியள்."

"நான் கதைக்கக் கூடாது தம்பி."

"அப்ப அந்தத் தடியாலை ஒரு போடு போடுங்கோ."

மூன்று பேரும் சிரித்தார்கள். மனுவை எப்படிக் கொடுப்பது, யாரிடம் கொடுப்பது எல்லாம் கஸ்பரே சொல்லிக் கொடுத்தார். பேச்சை மேரிறோசின் மகள் எழுதினாள். மேரிறோஸ் அதை மீன் செதில் உரித்துக்கொண்டே பாடமாக்கினார். ஜெஸ்ரின் கவுன்சிலர்களைப் பிடித்துப் பிடித்துக் கேட்டுப் பார்த்ததில், பாதிப் பேருக்கு மேல் இவர்கள் பக்கம்தான். பேசினால் போதும், முற்றம் தப்பும்.

அந்த மாலை மேரிறோஸ் நீலச் சேலை கட்டி, மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மீன் நாற்றம் போகக் கைகளைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்திருந்தார். நாள் முழுக்க ஈரக் கல்லில் நின்ற கால், படியேறும்போது நொண்டியது. மனுக்காரர்கள் காத்திருக்கிற இடம் சபைக் கதவுக்கு வெளியே ஒரு நீள மர வாங்கு. காற்று வீசுகிற நடை. அதில் ஏற்கனவே யாரோ ஒருவர் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

கஸ்பருக்குப் பொறுக்கவில்லை. ஊர்ச் சனம் ஒருத்தி தன் வேலையிடத்துக்கு முதன்முதலாக வந்திருக்கிறாள், அவளை வாங்கில் இருத்துவதா? மேல்மாடியில் மேயரின் தனி அறையைத் தன் சாவியால் திறந்தார். யாரையும் அங்கே விடக்கூடாது. தெரியும். அங்கே இருந்ததிலேயே நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டார். ஊர்ச் சின்னம் போட்ட கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"இது ஆற்றை கதிரை அண்ணை?"

"மேயரின்ரை."

"விசரே உங்களுக்கு? ஆரும் கண்டால்?"

"ஆர் காணுறது? திறப்பு என்னட்டை. இருங்கோ, காலை ஆறவிடுங்கோ. முதல்லை பரிசு குடுப்பினம், பிறகு படம் எடுக்க இடைவேளை விடுவினம். அதுக்குப் பிறகுதான் நீங்கள். நான் வந்து கூட்டிக்கொண்டு போறன். நான் வரும்வரைக்கும் அசையாதேங்கோ."

"ஓம் அண்ணை," என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார் மேரிறோஸ். கஸ்பர் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. இந்தக் கட்டடத்தில் தான் யார் என்பதை ஊரிலிருந்து ஒரு ஆள் பார்த்துவிட்டாளே.

தடியைச் சுமந்து போனார். மேசையில் கிடத்தினார். நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

பரிசு வாங்க வேண்டிய நீச்சல்காரப் பிள்ளைகளின் பஸ் எங்கோ நெரிசலில் மாட்டிக்கொண்டது. மேயர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், குமாஸ்தாவிடம் குனிந்தார், பிறகு நிமிர்ந்து, சரி, காத்திருக்கும் நேரத்தில் மனுவைக் கேட்டுவிடுவோம் என்றார். பெயரை வாசித்தார்கள். மணி ஒரு தரம் அடித்தது.

கஸ்பர் கதவையே பார்த்தார். மணிச் சத்தம் மாடிக்குக் கேட்கும், அவள் எழும்பி வருவாள் என்று நினைத்தார். தான் சொன்னது பிறகுதான் ஞாபகம் வந்தது. அசையாதேங்கோ.

இரண்டாவது மணி. மேலே பார்வையாளர் மாடத்திலிருந்து ஜெஸ்ரின் எழுந்து, "அவ வந்திட்டா, வாசலிலை நான் கண்டனான்," என்று ஆங்கிலத்தில் கத்தினான். மாடம் அமைதியாக இருக்க வேண்டும் என்றார் மேயர். ஜெஸ்ரின் உட்காரவில்லை. நேரே கஸ்பரைப் பார்த்தான்.

மேயர் கெட்ட மனுஷி இல்லை. மணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்தார். குமாஸ்தா கதவுவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு, வாங்கில் யாரோ நித்திரை, வேறு யாரும் இல்லை என்றார். மேயர் இன்னும் அடிக்கவில்லை. ஒரு வசனம் சொல்ல அந்த நேரம் போதும். 'மேலே இருக்கிறா.' இரண்டே வார்த்தை. கஸ்பருக்கு முன்னால், கை எட்டுகிற தூரத்தில் மேயரின் தோள் இருந்தது.

அவர் சொல்லவில்லை. இதுவரை ஒருவரும் அந்த இடத்தில் நின்று பேசியதில்லை என்பது ஒன்று. மேலே எங்கே என்று கேட்டால், உங்கள் அறையில், உங்கள் நாற்காலியில், உங்கள் கோப்பையோடு என்று சொல்ல வேண்டி வருமே என்பது இன்னொன்று. எது முந்தியது என்று அவரால் இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. வாய் மூடியபடியே இருந்தது. அவ்வளவுதான்.

மூன்றாவது மணி அடித்தது.

நீச்சல்காரப் பிள்ளைகள் வந்து, படம் எடுத்து, இடைவேளை விட்டபோது கஸ்பர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினார். மேரிறோஸ் அதே நுனியில் அப்படியே இருந்தார். கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கடை முறை வந்திட்டுதோ அண்ணை?"

கஸ்பர் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"முடிஞ்சுது பிள்ளை. முன்னுக்குக் கூப்பிட்டிட்டினம். மூண்டு மணியும் அடிச்சாச்சு."

"மணி எனக்கும் கேட்டது. கூட்டம் தொடங்குது போலை எண்டு இருந்தன். நீங்கள் அசையாதேங்கோ எண்டனீங்கள்."

மேரிறோஸ் எழுந்தார். கோப்பையை எடுத்துப் போய், மூலையில் இருந்த தொட்டியில் கழுவி, துணியால் துடைத்து, இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் ஏசியிருந்தால் கஸ்பருக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஏசியது ஜெஸ்ரின்தான். "மணி தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ அண்ணை அவ. நீங்கள் கல்லு மாதிரி நிண்டியள்," என்றான். மேரிறோசிடமும் சொல்லியிருப்பான். சொல்லத்தானே வேண்டும்.

வீட்டில் மனைவி அஜித்தா முழுக் கதையையும் கேட்டாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "மேலை இருந்தது நானெண்டால்?" என்றாள். கஸ்பர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சாப்பிடுங்கோ, ஆறப் போகுது," என்று அவளே பேச்சை மாற்றினாள்.

விதி சொன்ன ஆறு மாதம் முடியும் முன்பே முற்றத்தை வேலி போட்டு அடைத்தார்கள். குழாயை வெட்டினார்கள். கல்லை மட்டும் பழமை என்று விட்டுவைத்து, அதன்மேல் பூச்சட்டி வைத்திருக்கிறார்கள். மீன் போனதும் இனி என்னத்துக்கு என்று அந்தப் பக்கத்து ஜன்னல்களின் ஆணியையும் பிடுங்கினார்கள். காலையில் கொக்கித் தடியால் அவற்றைத் திறந்துவிடுவது இப்போது கஸ்பரின் வேலை. நல்ல காற்று வருகிறது. வருகிறவர்கள் எல்லாரும் சொல்லுகிறார்கள். இந்த வருஷம் பொதுசனம் வந்த நாளில் விளக்கு, சாணி, பண்டி, பம்பு எல்லாம் சொன்னார். மீன்காரப் பெண்களின் கதைக்கு வரவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண், அந்த ஜன்னல் சட்டங்களில் ஏன் ஆணித் துவாரம் என்று கேட்டாள். "பழைய மரம்," என்றார்.

மேரிறோசை அவர் பிறகு கண்டது அப்டன் பார்க் பக்கத்தில், கிரீன் ஸ்ட்ரீட்டில். அங்கே வேலைக்கு நிற்கிறாள் என்று கேள்விப்பட்டு, பல தரம் அந்தத் தெருவைச் சுற்றிப் போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை உள்ளே போனார். யாரோ ஒருவரின் மீன்கடை. கடைப் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டிக்கொண்டு மேரிறோஸ் கத்தி பிடித்திருந்தார். சின்ன வயது முதலாளி ஒருவன், கெதியா, கெதியா என்று அவசரப்படுத்தியபடி பின்னால் நின்றான்.

"வாங்கோ கஸ்பர் அண்ணை. என்ன மீன்?"

"விளைமீன் இருக்கோ?"

"நல்லதா இருக்கு. முன்னுக்குச் சனம் நிக்குது, கொஞ்ச நேரம் செல்லும். அந்தக் கதிரையிலை இருங்கோ. முறை வந்தால் நான் கூப்பிடுறன்."

கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. மேரிறோஸ் குத்தலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. வாடிக்கையாளர் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவார் போலிருக்கிறது. கஸ்பர் உட்காரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஓடுகிற உருக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கால் நோகும் அண்ணை."

"பரவாயில்லை."

முன்னால் நின்ற சனமெல்லாம் போய் முடிந்தது. மேரிறோஸ் விளைமீனை எடுத்துச் செதில் உரிக்கத் தொடங்கினார். முதலாளிப் பையன் உள்ளே போயிருந்தான்.

"அண்டைக்கு நான் வாய் திறந்திருக்கலாம் மேரிறோஸ்."

கத்தி நிற்கவில்லை. செதில் தெறித்துக் கண்ணாடியில் ஒட்டியது.

"ஓம் அண்ணை," என்றார் அவர். "திறந்திருக்கலாம்."

மீனைப் புரட்டி மற்றப் பக்கத்தையும் உரித்தார். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தார். தண்ணீரில் அலசினார்.

"தலையும் வேணுமோ?"

"ஓம்," என்றார் கஸ்பர்.