நோட்டில் 'குரல்: சரி' என்று எழுதியவன்

எங்கள் பேண்டின் முதல் மேடை ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கோவில் திருவிழா. ஞாயிறு மாலை ஆறு பத்துக்கு மேடை ஏறினோம். இரண்டாவது பாட்டின் நடுவில் ஸ்பீக்கரில் என் கிதார் நின்றுபோனது. எங்கள் பாடகி ஜெனியின் குரல் மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது.

"எடது காது கேக்கல, யார்ட்ட சொல்ல...
விசில் அடிக்குது, யார்ட்ட சொல்ல..."

பதினோரு மாதமாக அவளோடு வாசிக்கிறேன். அந்தப் பாட்டின் வார்த்தைகளை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கை தானாக வாசித்துக்கொண்டிருந்தது.

புதிதாகப் பேண்டு தொடங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டும். நாங்கள் வாசிப்பது ஷூகேஸ் (shoegaze), ட்ரீம் பாப் என்ற மேற்கத்திய ராக் வகை. கிதாரை, எதிரொலியும் கரகரப்பும் சேர்க்கும் ரிவெர்ப், டிலே, ஃபஸ் பெடல்கள் வழியாக விட்டு அடைமழை போலச் சத்தம் எழுப்புவோம். குரல் அதற்குள் மூழ்கியிருக்கும். வார்த்தை புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சின்னாளப்பட்டியில் ஜெனியின் மாமாவுடைய சேலைக் கிடங்கில்தான் ஒத்திகை. நான் கிதார், மாரி டிரம்ஸ். மெட்டு தயாரானதும் ஜெனி வரிகள் கேட்டாள். "வாய்க்கு வந்ததப் பாடு, எவனுக்குக் கேக்கப் போகுது" என்றேன். அவளும் அப்படியே செய்திருக்கிறாள்.

மைக்செட் சவரிமுத்து அண்ணனுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. மேடையிலிருந்து இறங்கியதும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, கரண்டுக் கம்பில காத்தடிச்ச மாதிரி அம்புட்டு இரைச்சல். அதான் கித்தாரக் கொறச்சு பிள்ள கொரல ஏத்துனேன். நல்ல கொரல்யா. ஆமா, அதுக்கு நெசமாவே காது கேக்கலையா?"

ஜெனி மேடைக்குப் பின்னால் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்பருந்து?" என்று கேட்டேன்.

"ஓன் நோட்டுல பாரு. அதுலதான் எல்லாம் எழுதுவியே."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன். செத்த இரு, ரெக்கார்டிங் முடியட்டும்ன. அப்புறம் பாடிட்டேன்."

மாரி டிரம்ஸின் வெண்கலத் தட்டான சிம்பலைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒத்திகையில் அது எப்போதும் அவளுடைய இடது பக்கம்தான் இருக்கும்.

மறுநாள் காலை நோட்டை எடுத்தேன். இருபத்தொன்பது ஒத்திகைகள். கிழமை, தொடங்கிய நேரம், எந்தப் பெடல் எந்த எண்ணில் என்று எல்லாம் இருந்தது. ஒவ்வொரு இசைக்கருவியையும் குரலையும் லேப்டாப்பில் தனித்தனியாகப் பதிவுசெய்திருந்தோம். அவள் குரலை மட்டும் தனியாக நான் ஒருநாளும் திறந்து கேட்டதில்லை. அன்று வரிசையாகக் கேட்டேன். பதினாறாவது ஒத்திகையில், "காதுல விசில் சத்தம்". இருபத்திரண்டில், "போன் வச்சா கேக்கல". இரண்டுக்கும் நேரே என் கையெழுத்தில் 'குரல்: சரி' என்று இருந்தது.

திண்டுக்கல்லில் காது டாக்டர் ஜெனியைச் சோதித்துவிட்டு, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். வாரக்கணக்கில் ஒத்திகையை நிறுத்தினோம். ஜெனிதான் மறுபடி கூப்பிட்டாள். கிதார் ஆம்ப்ளிஃபையர் சத்தத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினோம். மூவரும் காதடைப்பான் போடுகிறோம்.

நான் கற்றது ஒன்றுதான். கூட வேலை செய்கிறவர் சொல்வதைக் கேட்க, முதலில் நம் சத்தத்தை நிறுத்த வேண்டும். இப்போது முதல் பத்து நிமிடம் யாரும் ஒயரைச் சொருகுவதில்லை. ஜெனி சொல்வதை அப்படியே எழுதிக்கொள்கிறேன். அப்படி எழுதியதில் முதல் வரி இது: "மாரி, அந்தச் சிம்பலத் தள்ளி வையி."

வைத்தான்.