சங்கு ஊதுமுன் ஒரு சட்டி

பர்மாவின் இன்சீன் ஸ்டேஷனில் ரயில் முழுசாய் நிற்பதற்குள் செசிலியா இறங்கிவிட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைப் பக்கம் பறந்தாள். அன்று மாலை அவள் சமைக்கப்போகும் ஒரு சட்டிச் சாப்பாட்டில்தான் அவளுடைய வேலை இருந்தது.

பட்டணத்தின் நடுவே கியாக்டடாவில், சூலே பகோடாவுக்குப் பின்தெருவில், ஒரு துரைசானியின் தையல் கடை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே செசிலியா அங்கே காஜா எடுத்தாள், பித்தான் தைத்தாள், விளிம்பு மடித்தாள். தையலைக் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். துணி வெட்டுவதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டாள். துரைசானி அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். போன வாரம் அவளைக் கூப்பிட்டு, வெட்டு மேசையை இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுவிட்டாள். அதுவரை ஆண்கள் மட்டுமே நின்ற மேசை அது. செசிலியாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: கடை மூடும்வரை நிற்க வேண்டும்.

வீட்டில் அதுதான் சிக்கல். புருஷன் ஆரோக்கியநாதனுக்கு ரயில்வே பட்டறையில் ராத்திரி வேலை. இருட்டுகிற நேரம் சங்கு ஊதும். அதற்குள் அவன் சாப்பிட்டிருக்க வேண்டும், அதுவும் சுடச்சுட. நல்ல மனுஷன்தான், ஆறிய சோற்றைக் கண்டால் மட்டும் முகம் கோணிப் போகும். மனைவி வேலைக்குப் போகட்டும் என்று சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. இந்த மாதிரி நேரங்களில் வழக்கமாய்ச் செய்வதையே செய்தான். அக்காவிடம் விட்டுவிட்டான். தலைமுடி வெட்டிக்கொள்ளவே அக்காவைக் கேட்கிற ஆள் என்று பட்டறையில் அவனைக் கேலி செய்வார்கள்.

அக்கா ஜூடித், தினமும் பூசை காண்கிற கண்டிப்பான மனுஷி. “நாளைக்கு நானே வந்து பார்க்கேன். சங்குக்கு முன்னாடி சூடா சோறு விழுந்தா அவ போகட்டும். இல்லைன்னா வேலைய விட்டுரணும்” என்று நேற்றுத் தீர்ப்புக்கு நாள் குறித்தாள். அந்த நாள் இன்றைக்கு.

செசிலியாவிடம் ஒரு யோசனை இருந்தது. கொத்திய மாட்டுக்கறியையும் முட்டைக்கோசையும் ஒரே பாத்திரத்தில் அடுக்கி இரும்புப் பெட்டி அடுப்புக்குள் வைத்து மூடிவிட்டால் பாக்கியை நெருப்பு பார்த்துக்கொள்ளும் என்று துரைசானி எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். துரைசானி வீட்டு அடுப்பு செசிலியாவிடம் ஏது? ஆனால் பிரியாணிக்குத் தம் போடுகிற மாதிரி மூடிமேல் தணலை அள்ளிப் போட்டால் போயிற்று.

பீர் முகைதீனின் கறிக்கடையில் ஈ காக்கை இல்லை. மற்ற நாட்களில் இடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். நம் அதிர்ஷ்டம்தான் என்று செசிலியா பூரித்துப்போனாள்.

“இன்னைக்கு உங்க ஆளுக ஒருத்தரையும் காணோமேம்மா” என்றார் அவர், கறியைக் கொத்திக்கொண்டே.

“நல்லதாப் போச்சு பாய். சீக்கிரம் குடுங்க.”

அவர் அவளை ஒரு மாதிரியாய்ப் பார்த்தார். அதைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை. வழியில் ஒரு பர்மியக் கிழவியிடம் பெரிய கோசாக ஒன்று வாங்கி அணைத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டில் ஆரோக்கியநாதன் பகல் தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்து, துண்டும் கையுமாய்த் தெருக்குழாய் வரிசையில் நின்று குளிக்கப் போனான். செசிலியா கரியடுப்பை மூட்டினாள். வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் எண்ணெயில் வதங்கின. கறியைக் கொட்டி மிளகுத்தூள் தூவிக் கிளறினாள். இரும்புச் சட்டியில் காலையில் வடித்த சோறு அடியில், அதன்மேல் கறி, அதன்மேல் மெல்லிசாய் அரிந்த கோசு, எல்லாவற்றுக்கும் மேலே அடித்த முட்டை. மூடினாள். மூடிமேல் தணல். முடிந்தது வேலை. இவ்வளவுதானா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

வாசனை தெருவுக்குப் போய் ஜூடித்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. முக்காடும் கையில் ஜெபமாலையுமாய், “கோயிலுக்குப் போற வழியிலே வந்தேன்” என்று நுழைந்தவளுக்கு அடுப்பை விட்டுக் கண் நகரவில்லை. மூடியைத் திறந்ததும் கரண்டியை அவளே எடுத்தாள்.

“உப்பு பார்க்கேன்” என்று ஒரு வாய். சரியாய்த் தெரியவில்லையாம், இன்னொரு வாய். மூன்றாவது எதற்கென்று அவளும் சொல்லவில்லை, செசிலியாவும் கேட்கவில்லை.

“நல்லாத்தான் ஆக்கியிருக்கே ஏட்டி.”

செசிலியா தட்டை எடுத்து வைத்தாள். அப்போது கோயில் மணி அடித்தது. வெள்ளிக்கிழமை மட்டும் நடக்கிற சாயங்கால ஆராதனைக்கான மணி.

நாலாவது வாயைப் போட்டுக்கொண்ட ஜூடித்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை. கத்தோலிக்க வீட்டில் கறிச்சட்டி ஏறாத நாள். கறி வாசனையில் ஜூடித்துக்கும் அது மறந்துபோயிருந்தது. பர்மியர்களின் விளக்குத் திருநாளுக்காகத் திங்கட்கிழமை கடை மூடியிருந்தது. செவ்வாயில் தொடங்கிய வாரம் செசிலியாவின் மனசில் ஒருநாள் பின்தங்கியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கறிக்கடை ஏன் காலியாய்க் கிடந்தது என்பது இப்போதுதான் உறைத்தது.

“போச்சு மதினி. எல்லாம் போச்சு” என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது.

வேலைக்குப் போகிற பெண் கடவுளை மறந்துவிடுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் ஜூடித். இப்போது அதைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் காலையில் வெள்ளிக்கிழமைப் பூசை கண்டவள் வாயில் கறியல்லவா இருக்கிறது? விழுங்குவதா துப்புவதா என்று ஒரு கணம் திண்டாடி, விழுங்கினாள்.

“என்னட்டி உக்காந்துட்டே? பாதிக் கோசு கிடக்குல்ல? முட்டை இருக்கா? தணல் அப்படியே இருக்கு, எந்திரி.”

கறிச்சட்டி கட்டிலுக்கடியில் போயிற்று. ஜூடித் முக்காட்டை உதறிவிட்டுக் கோசை அரிந்தாள். செசிலியா மிச்சச் சோற்றை வேறொரு சட்டியில் பரப்பினாள். கறிக்குப் பதில், வெள்ளிக்கிழமைக்கு விலக்கில்லாத கூனிக் கருவாட்டை வறுத்து நொறுக்கித் தூவி, முட்டையை ஊற்றி மூடினாள். கோயில் சேலை கரியாவதைப் பார்க்காமல் ஜூடித் விசிறிய விசிறலில் தணல் பொறி பறந்தது. அவளை அப்படிப் பார்த்ததில் செசிலியாவுக்கு அழுகையும் சிரிப்புமாய் வந்தது.

ஆரோக்கியநாதன் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது தட்டில் ஆவி பறந்தது. ஊதி ஊதிச் சாப்பிட்டான். பாதியில் மூக்கை உறிஞ்சினான்.

“கறி வாசனை அடிக்கிற மாதிரி இருக்கே?”

“பக்கத்துல ஹாஜரா வீட்டிலேருந்து வரும். நீ சாப்பிடுடா” என்றாள் ஜூடித்.

கடைசி வாய் உள்ளே போகும்போது பட்டறைச் சங்கு ஊதியது. கை கழுவிக்கொண்டே அவன் கேட்டான். “என்னக்கா சொல்லுதே? வேலைய விடச் சொல்லவா?”

செசிலியா எடுத்த தட்டோடு திரும்பினாள்.

“சோறு சூடா இருந்துச்சா?”

“நாக்கு பொத்துப் போச்சு.”

“அப்புறம் என்னடா கேள்வி? அவ போகட்டும். நீ கிளம்பு.”

மறுநாள் சனிக்கிழமை, செசிலியா வெட்டு மேசையின் தலைப்பக்கத்தில் நின்று வெண்பட்டில் கத்தரி வைத்தாள். கல்யாணத்தன்றுகூட அவளுக்கு இத்தனை சந்தோஷம் இருந்ததில்லை. சாயங்காலம் புருஷனுக்குச் சுடச்சுடச் சோறு போட்டு அனுப்பிவிட்டுக் கோயிலுக்கு ஓடினால், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசையில் அவளுக்கு முன்னால் ஜூடித்.

ஜெபமாலையை உருட்டிக்கொண்டே ஜூடித் லேசாய்த் திரும்பினாள்.

“ஏட்டி, அந்தச் சட்டி?”

“காலையிலே சுட வச்சுட்டு வந்தேன் மதினி. அப்படியே இருக்கு.”

“அவனுக்கு எடுத்து வச்சிராதே. இதை முடிச்சுட்டு நேரா அங்கதான் வாரேன்.”