புரதம் சேராத சொட்டு

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் நான் பொய் சொன்னேன்.

அப்போது அரசுக் கால்நடை ஆய்வாளனாக, ஆடுகளின் சளிக்காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்தொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஊசியல்ல, மூக்கில் விடும் சொட்டு. அதனுடன் பக்டீரியாப் புரதம் ஒன்றைச் சேர்த்தால், மூக்கின் ஈரச்சவ்வு வழியாகவே உடல் உசாராகி, இரத்தத்தில் நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் கூடும் என்று எதிர்பார்த்தோம். ஒப்பிடுவதற்காகப் பாதி ஆடுகளுக்குப் புரதம் சேராத சொட்டை விட்டோம். அவளுடைய இரண்டு ஆடுகளும் அந்தப் பாதியில் இருந்தன.

"எல்லாத்துக்கும் ஒரே மருந்துதானுங்களே?" என்று கேட்டாள். ஆம் என்றேன்.

மழையோடு நோய் வந்தது. புரதம் பெற்ற ஆடுகள் தப்பின. அவளுடையவை இரண்டும் செத்தன. சோதனை வெற்றி என்று அறிக்கை எழுதினேன்.

ஓய்வு பெற்றபின் இரண்டு ஆடுகளோடு அவள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"ஆடு வேணாங்க ஐயா. அன்னைக்கே சொல்லியிருந்தா ஒங்ககிட்ட விட்டிருக்க மாட்டேன். ஒண்ணு சினையா இருந்துச்சு."

கொண்டுபோயிருந்த, புரதம் சேர்த்த மருந்தை லயத்து ஆடுகளுக்கெல்லாம் விட்டேன். ஆடில்லாத அவளே ஒவ்வொன்றின் முகத்தையும் தூக்கிப் பிடித்தாள். என்னோடு மட்டும் அதன்பின் பேசவில்லை. அவளுக்கென்று கொண்டுபோன இரண்டு ஆடுகளையும் திரும்ப வண்டியில் ஏற்றினேன்.