அப்படி ஒருத்தரும் இங்கை இல்லை

போன வருடம் மாசி மாதம், ஸ்காபரோ மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் நடந்தது இது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அம்மா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் பெரிய விசயம் ஒன்று நடக்கப்போகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முதலில் என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் கனடிய இராணுவத்தில் இருந்தவள். துவக்குத் தூக்கிச் சண்டைக்குப் போனவள் இல்லை, லொறி ஓட்டியவள். அல்பேர்ட்டாவில் ஒரு முகாமில் இருந்தாள். வெள்ளம் வந்த ஊர்களுக்கு மண்மூடை ஏற்றிப் போனாள். காட்டுத்தீ வந்த ஊர்களில் இருந்து சனங்களை ஏற்றி வந்தாள்.

இதெல்லாம் எங்கள் சொந்தக்காரருக்குத் தெரியாது. கலியாண வீடுகளில் "மூத்தவள் இப்ப என்ன செய்யிறாள்?" என்று கேட்டால் அம்மாவிடம் பதில் ஆயத்தமாக இருக்கும்.

"அல்பேர்ட்டாவிலை கவண்மென்ற் வேலை."

பொய் இல்லைத்தானே! யாராவது ஓர் அன்ரி மேலும் கிண்டினால், "ட்ரான்ஸ்போட் பக்கம்" என்பார். அதுவும் பொய் இல்லை. அக்காவின் சீருடையை மட்டும் சேலைக்குப் போடும் உறைக்குள் போட்டு அலுமாரியின் கடைசியில் தொங்கவிட்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து ஓடிவந்த வீடு எங்களுடையது. எங்கள் வீட்டில் 'ஆமி' என்ற சொல் காதில் விழுந்தாலே எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும். அது எந்த நாட்டு ஆமி என்று யாரும் நின்று விசாரிப்பதில்லை.

அக்கா படையில் இருந்து விலகி வீட்டுக்கு வந்து, அம்புலன்ஸ் பராமெடிக் படிப்பில் சேர்ந்தாள். படையில் இருந்து விலகியவர்கள் படிப்பதற்கு அரசாங்கம் கட்டணமும் செலவுக் காசும் கொடுக்கும். அக்காவுக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. காசு மட்டும் வரவில்லை. முதல் தவணையைச் சேமிப்பில் ஓட்டினாள். இரண்டாவது தவணைக்குக் கல்லூரி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது. பிறகு, வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டது.

"வராட்டி விலகிறன். பிறம்ரனிலை ஒரு லொறிக் கொம்பனி வரச்சொல்லியிருக்கு" என்றாள் அக்கா. சம்பலை இங்கால தள்ளு என்பதைப் போலச் சொன்னாள். ஆனால் முதல்நாள்தான் அவள் என் கையைப் பிடித்து, சோபாவில் படுக்கவைத்து, எலும்பு முறிந்தவரை எப்படித் தூக்குவது என்று பழகிக்கொண்டிருந்தாள். அப்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்திருந்தேன். லொறியைப் பற்றிச் சொல்லும்போது அந்த வெளிச்சம் இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இராது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். என் பாடங்களை மூடி வைத்துவிட்டு இறங்கினேன். பாராளுமன்ற உறுப்பினருக்கு மின்னஞ்சல் போட்டேன். அக்காவின் கல்லூரியில் இதே காசுக்காகக் காத்திருந்த மற்ற முன்னாள் படையினரின் குடும்பங்களைத் தேடிப் பிடித்து ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினேன். கணவர்மார், மனைவிமார், தாய்மார், ஒரு மாமியார் என்று குழு நிரம்பியது. வாடகைக்கு என்ன செய்கிறீர்கள், பிள்ளை காப்பகத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். தமிழ் வானொலியில் போய்ப் பேசலாமா என்றும் யோசித்தேன்.

"அடியே, ரேடியோவிலை போய் என்ரை பேரைச் சொன்னியோ, அம்மா மயங்கி விழுந்திடுவா" என்றாள் அக்கா.

அதை மறந்தே போயிருந்தேன்.

அந்தக் குழுவில் ஒருவர் இருந்தார். அவர் மனைவி கடற்படையில் இருந்து விலகித் தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். அவரை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. குரல்பதிவு அனுப்புவார், பின்னால் ஒரு குழந்தை கட்டாயம் அழுதுகொண்டிருக்கும். அவர்தான் சொன்னார், உதவிப் பணம் கொடுக்கும் அலுவலகத்துக்கு நான் பின்னேரங்களில் போன் எடுப்பது வீண் வேலை என்று. பதில் சொல்லும் அலுவலகம் கிழக்குக் கரையில் இருக்கிறது, அங்கே எங்களைவிட நேரம் முந்திப் போய்விடும், அதனால் காலை எட்டு மணிக்கே எடுங்கள், அங்கே அப்போதுதான் வேலை சூடு பிடித்திருக்கும் என்றார். அவருக்கு இன்னும் காசு வரவில்லை. தான் கண்டுபிடித்த குறுக்கு வழியை மற்றவர்களுக்கும் சொன்னால் தன் வரிசை நீளும் என்று அவர் யோசிக்கவே இல்லை.

அடுத்தநாள் புதன்கிழமை. அக்காவை மேசையில் இருத்தி, கைத்தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு எடுத்தேன். காத்திருக்கச் சொல்லி ஒரு வாத்திய இசை போய்க்கொண்டே இருந்தது.

"உந்தப் பாட்டை நிப்பாட்டச் சொல்லு பிள்ளை. உதைக் கேட்டா புட்டு அவியாது" என்றார் அம்மா.

கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. அக்கா தன் விபரங்களைச் சொன்னாள். மறுபக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் விசயத்தைச் சொன்னார். உங்கள் கோப்பு தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றார். உறுதிப்படுத்துவதற்காக நீங்கள் கொடுத்த வீட்டு ரெலிபோன் நம்பருக்கு எடுத்தோம். ஒரு பெண்மணி பேசினார். இந்தப் பெயரில் இங்கே ஒருவரும் இல்லை, இந்த வீட்டில் இராணுவத்தில் இருந்தவர் ஒருபோதும் இருந்ததில்லை என்றார். திரும்பவும் எடுத்தோம், அதே பதில். வேறு யாரோ உங்கள் பெயரைப் பாவிக்கிறார்களோ என்ற சந்தேகத்தில் கோப்பு வேறு பிரிவுக்குப் போய்விட்டது, அங்கே வரிசை நீளம் என்றார்.

நானும் அக்காவும் ஒன்றாகத் திரும்பினோம். அம்மாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றிருந்தது.

"நான்தான்" என்றார் அம்மா. "ஒருத்தன் எடுத்தவன். இந்த வீட்டிலை ஆமியிலை இருந்த ஆள் இருக்கிறாவோ எண்டு பேர் சொல்லிக் கேட்டான். அப்படி ஒருத்தரும் இங்கை இல்லை எண்டு சொல்லி போனை வைச்சிட்டன்."

"ரெண்டு தரமுமோ அம்மா?" என்றேன்.

"ரெண்டாந்தரம் இன்னும் வடிவாச் சொன்னன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கத்தவும் வந்தது. ஆனால் அந்த வசனத்தை நான் முன்பே எங்கள் வீட்டுப் பழைய கதை ஒன்றில் கேட்டிருக்கிறேன். அம்மா பள்ளிக்கூடம் போகும் வயதில், ஊர் வீட்டு வாசலில் ஆமிக்காரர் வந்து நின்று மாமாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். மாமா வீட்டு முகட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார். பெரியவர்களுக்கு வாய் வரவில்லை. அம்மாதான் முன்னுக்குப் போய் நின்று, அப்படி ஒருத்தரும் இங்கை இல்லை என்றவர். அந்த மாமா இன்று பிறம்ரனில் இருந்துகொண்டு, கொண்டாட்டங்களில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பகிடி விடுகிறார். அம்மாவிடம் நாங்கள் எப்படிக் கோபிப்பது?

அந்தப் பெண் இன்னும் தொடர்பில் இருந்தார். சந்தேகத்தை நீக்கவேண்டும் என்றால் கோப்பில் நெருங்கிய உறவாகப் பதியப்பட்டிருப்பவர் உறுதிப்படுத்தவேண்டும், உங்கள் தாயார் பெயர்தான் இருக்கிறது, அவரோடு பேச முடியுமா என்று கேட்டார்.

அம்மா தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. "நான் என்னத்தைச் சொல்ல? முதல் இல்லை எண்டிட்டு இப்ப இருக்கிறாள் எண்டால் என்னைப் பிடிக்கமாட்டாங்களே? ரெக்கோட் பண்ணியிருப்பாங்கள்."

"ஒருத்தரும் பிடிக்கமாட்டாங்கள் அம்மா!" என்று நான் பாய்ந்தேன்.

அக்கா என் தோளில் கைவைத்து நிறுத்தினாள். "விடு. அவவை வெருட்டாதை" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "பரவாயில்லை அம்மா. நான் லொறிக்கே போறன். எனக்கு லொறி பிடிக்கும்தானே" என்றாள்.

அம்மா அவளையே பார்த்தார். சோபாவில் என்னைப் படுக்கவைத்துப் பழகியபோது அம்மாவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கையைக் கழுவினார். துவாயில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கைத்தொலைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"யெஸ்" என்றார். போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்த் திரும்பச் சொன்னார். "யெஸ். ஷி இஸ் மை டோட்டர். ஷி வாஸ் இன் தி ஆமி. ஷி இஸ் ஹியர்."

என் வாழ்நாளில் அம்மாவின் வாயில் இருந்து அந்த வசனத்தைக் கேட்டது அதுதான் முதல்தடவை. அக்கா யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

அந்தப் பெண் அவசரப்படவில்லை. அம்மாவுக்காக ஒவ்வொரு சொல்லாக, ஆறுதலாகப் பேசினார். தெரியாத ஆள் எடுத்து இந்த வீட்டில் படையாள் இருக்கிறாரா என்று கேட்டால் கவனமாக இருக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன, நீங்கள் மகளைப் பாதுகாக்கத்தான் பார்த்தீர்கள் என்றார். பொய் சொன்னீர்கள் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

தைரியம் வந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார்: நெருங்கிய உறவு என்று என் பெயரை எதற்குப் போட்டிருக்கிறாள்?

அவர் சொன்னார். உங்கள் மகள் வேலையில் இருந்தபோது அவருக்கு ஏதும் நடந்திருந்தால், நாங்கள் முதலில் எடுத்திருக்கக்கூடிய ஆள் நீங்கள்தான்.

அழைப்பு முடிந்த பிறகும் அம்மா போனைக் கீழே வைக்கவில்லை. "அப்படி ஒரு போன் வந்திருந்தாலும் நான் இல்லை எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றார் மெதுவாக.

"பிறகென்ன?" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உங்கடை புண்ணியத்திலை எனக்குச் சாவே வந்திராது."

அம்மா அவள் முதுகில் ஓர் அடி போட்டார். பிறகு அந்தக் கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அன்று புட்டு கட்டிபட்டுப் போனது. மூவரும் அதையே சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமைக்குள் காசு வரவில்லை. வரும் என்று அந்தப் பெண் சொல்லவும் இல்லை. ஆனால் அன்றே, உதவி ஒப்புக்கொள்ளப்பட்டது, கொடுப்பனவு வழியில் இருக்கிறது என்று கல்லூரிக்கு மின்னஞ்சல் போட்டிருந்தார். கல்லூரி இடத்தை வைத்துக்கொண்டது. பனி உருகத் தொடங்கிய நேரம் காசும் வந்தது. அக்கா பிறம்ரனுக்குப் போகவில்லை. இப்போது பயிற்சிக்காக அம்புலன்ஸில் போய்வருகிறாள். வந்து சொல்லும் கதைகளை அம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்.

வட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழந்தை அழும் குரல்பதிவுக்காரருக்கு எங்களுக்குப் பிறகுதான் கிடைத்தது. அன்று குழுவில் எல்லோரும் அவருக்கு வாழ்த்து அனுப்பிக் கைத்தொலைபேசியே சூடாகிவிட்டது. புதிதாக வருபவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டு ரெலிபோன் அடித்தால் யார் எடுப்பது என்பதைத்தான். சிரிக்காதீர்கள், வேறொரு நாட்டில் இருந்து தப்பி வந்த ஒரு குடும்பத்திலும் மாமனார் ஒருவர் இதே பதிலைச் சொல்லி வைத்திருந்தார்.

ஆவணி மாதம் மார்க்கம் நகரில் ஒரு கலியாணம். வழக்கமாகக் கிண்டும் அன்ரி வந்து, மூத்தவள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். நான் 'கவண்மென்ற் வேலை'யை எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கனடா ஆமியிலை லொறி ஓடினவள். இப்ப அம்புலன்ஸுக்குப் படிக்கிறாள்" என்றார் அம்மா. குரல் இறங்கவில்லை. அன்ரியின் ஐஸ்கிறீம் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

இப்போதும் வீட்டு ரெலிபோன் அடித்தால், பக்கத்திலேயே இருந்தாலும் நான் எடுப்பதில்லை. அம்மா வந்து எடுத்து, மறுபக்கம் அக்காவின் பெயரைக் கேட்க, "ஓம், இருக்கிறாள்" என்று சொல்லும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருக்கிறேன்.