உள்வலை தைத்தவள்

பெரியம்மா வலை தைக்கிறவள். துறைமுகத்து டீசல் பம்புக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், காலை நீட்டி உட்கார்ந்து, முப்பது வருஷமாகத் தைக்கிறாள். இடதுகைக்காரி. அவள் போடும் முடிச்சு மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாக முறுக்கியிருக்கும்.

ஏழு வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, அவள் மடியில் வலை இல்லை, மனு இருந்தது. வலையின் கடைசியில் மீன் வந்து சேரும் பையின் கண்கள், குஞ்சுகள் தப்பிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும் என்கிறது சட்டம். அந்தப் பைக்குள் சின்னக் கண் வலை ஒன்றை வைத்துத் தைத்துவிட்டால்? அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி நானூறு கையெழுத்து வாங்கியிருந்தாள். சட்டத் திருத்தக் குழு புதன்கிழமை துறைமுக அலுவலகத்துக்கு வருவதாக இருந்தது.

"நீயும் வாடி. உலகம் சுத்தினவ பக்கத்துல நின்னா கொஞ்சம் தெம்பா இருக்கும்."

"உனக்கென்ன பயம் பெரியம்மா?"

"உங்கண்ணன் கடல்ல இருக்கான்."

அவளிடம் வலை தைக்கக் கொடுக்கும் முதலாளியின் படகில்தான் அவள் மகனுக்கும் வேலை. வியாழன் காலைதான் கரைக்கு வரும். அதுவரை அவன் போன் எட்டாத தூரத்தில், முதலாளியின் ஆட்கள் நாலு பேருக்கு நடுவில். போன வருஷம் உள்வலையைப் படம் எடுத்த மெக்கானிக் ஒருவர் கடலில் விழுந்து செத்துப்போனார். கால் வழுக்கியது என்றார்கள்.

புதன்கிழமை, கரையில் கிடந்தது என்று சொல்லிவிடலாம் என்ற முடிவோடு, கையகல உள்வலைத் துண்டைப் பெரியம்மா குழுவின் மேஜைமேல் வைத்தாள். முன்வரிசையிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அடடா, என்ன தையல்! எதிர்முறுக்கு முடிச்சு. இங்க யார் இப்படிப் போடுவாங்கன்னு தலைவியம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா."

பின்வரிசையில் சிரிப்பு. குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "இது எங்க கிடைச்சது?"

பெரியம்மா துண்டை அவர் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

"நான் தைச்சதுதான்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். பதினோரு வருஷமா. மாட்டேன்னு சொல்லிப் பாத்தேன். இது தப்புன்னு எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டுன்னாங்க. காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்ல. மாட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு வரி வேணும்மா. எழுதிக் குடுங்க."

தலைவி குறித்துக்கொண்டார். முதலாளி வெளியே போனார். படகுகளோடு பேசும் வயர்லெஸ் பக்கத்து அறையில்தான் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் வாய் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

வியாழன் ஆறு மணிக்கு வரவேண்டிய படகு எட்டரைக்குத்தான் தெரிந்தது. பெரியம்மா தலைகளை எண்ணினாள். நாலு. திரும்ப எண்ணினாள். நாலுதான், ஐந்து இல்லை. என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்தது.

படகு உரசி நின்றபிறகு இன்ஜின் அறையிலிருந்து அண்ணன் ஏறி வந்தான், கையில் சுருட்டிய படுக்கையோடு.

"இனிமே ஏறாதேன்னுட்டாங்க. அப்படி என்னம்மா சொல்லித் தொலைச்சே?"

அவள் அவன் தலை, தோள், விரல்கள் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு. வேலைதான் இல்ல" என்றான் அவன்.

அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை. படகில் இருந்த நாலு பேரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.