ஏறாமல் இறங்காமல் ஒரு குரல்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு கேசட் பாட்டின் சத்தத்தைக் கூட்டியதுதான். கோலார் தங்கவயல் சர்ச்சில் எண்பதுகளில் பதிவு செய்த கிறிஸ்துமஸ் பாட்டு. கம்ப்யூட்டரில் போட்டால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் ஏத்து பாப்பா. பெர்னாவுக்குக் கேக்கணும்."

"ஏத்தினா இரைச்சலும் ஏறும்பா."

"ஏறட்டும். கேசட்டுக்கும் வயசாவுதில்ல."

பெர்னா, அவர் தங்கை பெர்னதெத். என் அத்தை.

அப்பா மைக்கேல்ராஜ், தங்கவயல் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மெஷின் பிடித்தவர். 2001இல் சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு வந்தோம். அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டாள். ஈஜிபுராவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை. எனக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. முதலில் அப்பா கீழே போய் டீ குடித்துவிட்டு வருவார். பிறகு நுரையீரலில் படிந்திருந்த தூசி வேலையைக் காட்டியது. இறங்கினால் ஏற முடியவில்லை. ஆகவே இறங்குவதை விட்டார்.

"மைன்ஸ்ல எவ்ளோ ஆழம் போனாலும் கூண்டு மேல கொண்டாந்து உட்டுடும். இங்க அதுகூட இல்ல" என்பார்.

வீட்டிலிருந்தே பாட்டுப் போட்டுப் பேச அப்பாவுக்கு ஓர் இணைய வானொலியை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். தங்கவயல் ஆட்கள் எல்லோருக்கும் என்றுதான் பேச்சு. பெரும்பாலான நாட்களில் கேட்டது அத்தை ஒருத்திதான். குவைத்தில் ஒரு வீட்டில், படுத்த படுக்கையாக இருந்த கிழவியைப் பார்த்துக்கொண்டாள். கிழவியின் பேரன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் வானொலி. ஒரு காதில் இயர்போன், மற்றக் காது கிழவிக்கு. பாட்டு தணிந்தால் இவளுக்கு ஒன்றும் கேட்காது. உரத்தால் கிழவி கூப்பிடுவது கேட்காது. ஒருமுறை பழைய பாட்டுக்குப் பின் புதுப் பாட்டு ஒன்று அலற, கிழவி கூப்பிட்டதைத் தவறவிட்டாள். வீட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சத்தம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

பாட்டுகள் சுலபம். முன்கூட்டியே எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டோம். சிக்கல் அப்பாவின் குரல். தேய்ந்துகொண்டே வந்தது. சத்தம் குறைந்தால் தானாகத் தூக்கிவிடும் மென்பொருள் ஒன்றைப் போட்டேன். வார்த்தை எது, மூச்சு எது என்று அது பார்க்காது. அவர் பேச்சை நிறுத்தும் இடத்தில் கிடைத்ததையெல்லாம் தூக்கும். கீழே கிரில் பட்டறையில் இரும்பு அறுப்பது, இவர் நெஞ்சில் இழுப்பது எல்லாம் குவைத்துக்குப் போனது.

அத்தை சாட்டில் கேட்டாள்: "அண்ணா, பக்கத்துல யாரு குறட்டை உடறது?"

அப்பா மைக்கில் பதில் சொன்னார்: "ஃபேனுமா. ஓனரு கஞ்சன், புதுசு போடமாட்றான்."

அப்பாவின் நோய் அத்தைக்குத் தெரியக்கூடாது. அவள் வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. பாஸ்போர்ட் வீட்டுக்காரரிடம். கிளம்புகிறேன் என்று எதையாவது செய்து வம்பில் சிக்குவாள் என்று பயந்தார்.

"அவ அங்க மாட்டினுகீறா. நான் இங்க மாட்டினுகீறேன். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது?"

ஜன்னலை மூடினார். பட்டறைச் சத்தம் போனது. காற்றும் போனது. நான் திறப்பேன், ஒலிபரப்பு நேரம் வந்ததும் மூடுவார். சின்னச் சத்தங்களை வெட்டும் மென்பொருளையும் போட்டுப் பார்த்தேன். அது அவர் வாக்கியங்களின் முடிவையும் சேர்த்து வெட்டியது. கடைசியில் அவரே ஒரு வழி வைத்துக்கொண்டார். மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரில் விரல். நாலு வார்த்தை பேசுவார். ஸ்லைடரைக் கீழே இழுத்து மூச்சு வாங்குவார். மேலே தள்ளி மறுபடி பேசுவார். பேசும்போதெல்லாம் சத்தத்தை அளக்கும் மீட்டரில் பச்சைக் கோடு ஒரே உயரம். "பாத்தியா, குரலு கல்லு மாதிரி" என்பார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும்.

நாலு வார்த்தை இரண்டானது.

அத்தை என்னை ஆபீஸ் போனில் கூப்பிட்டாள்.

"பாட்டு நல்லாகீது. குரலும் நல்லாகீது. நடுநடுவுல ஒண்ணுமே இல்லியே, ஏன்டி?"

"நெட் பிரச்சனை அத்தை."

"பாட்டு ஓடறப்ப நிக்காத நெட்டு, அண்ணன் பேசறப்ப மட்டும் நிக்குமா? எங்கப்பாவும் இப்படித்தான் நின்னு நின்னு பேசினாரு. மைன்ஸ் லைன் வீட்ல வளந்தவகிட்டயே கதை உடறியா? ஜன்னலைத் தொறக்கச் சொல்லு. இழுக்கற சத்தம் கேட்டா கேக்கட்டும்."

சொன்னேன். அப்பா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"தொறந்தா பட்டறை சத்தம் அவ காதுக்குப் போவும். கிழவி கூப்டறது அவளுக்குக் கேக்காது."

ஜன்னலைத் திறக்கவில்லை. ஆனால் ஸ்லைடரை இழுப்பதை விட்டுவிட்டார். வார்த்தையும் இழுப்பும் ஒரே அளவில் குவைத்துக்குப் போயின. ஃபேனைப் பற்றி அத்தை அப்புறம் கேட்கவில்லை.

போன வருஷம், 2007 டிசம்பரில் ஒரு மத்தியானம், நாற்காலியிலேயே போய்விட்டார். வரிசையில் வைத்திருந்த பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. எதுவும் ஏறவில்லை, இறங்கவில்லை. நான் வந்து நிறுத்திவிட்டுப் போன் செய்யும்வரை அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

போன வாரம் அடுகோடி மைக்செட் கடையிலிருந்து கோதண்டராமன் என்பவர் அப்பாவின் போனில் கூப்பிட்டார்.

"சாரு சொன்ன மைக் வயர் ரெடியா இருக்கு மேடம். அவ்வளவு நீளம் கெடைக்கல, ரெண்டை ஜாயிண்ட் போட்டிருக்கேன். பொண்ணை அனுப்பறேன்னாரு, யாரும் வரலியே?"

என்னிடம் அப்பா சொல்லியிருக்கவில்லை. எதற்கு அத்தனை நீளம் என்று கேட்டேன்.

"மொட்டை மாடிக்காம். தண்ணித் தொட்டிக்குப் பின்னால உக்காந்தா கீழ பட்டறை சத்தம் வராது, காத்தும் வரும்னாரு. மேல ஏற ஒரு மாடிதானேன்னாரு."

அப்பா இல்லை என்று சொன்னேன். அவர், "வயரை வேற யாருக்கும் தரல மேடம், நீங்க எப்ப வேணா வாங்க" என்றார்.

நான் இன்னும் போகவில்லை.