எட்டாம் நாள் பிரிக்க வேண்டிய வீடு

இதை நம்புங்கள் என்று கேட்கப் போவதில்லை. அன்றைக்குக் குறிப்பேட்டில் நேரம் போட்டு எழுதி வைத்ததை அப்படியே சொல்கிறேன். நான் சரித்திரம் படித்தவன். கண்டதையும் கேட்டதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

என் பெயர் ரெத்தினம். 1982, பங்குனி மாதம். சோழர் கால வாழ்க்கையைப் பற்றித் தஞ்சாவூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கோயிலைப் பற்றியும் அரண்மனையைப் பற்றியும் எழுத ஆள் நிறைய. நான் எடுத்துக்கொண்டது வயலில் உழைத்தவனின் வீடு. என் அப்பாவும் பண்ணையாளாக இருந்தவர்தான். கல்வெட்டுகளில் அந்த மக்களின் சேரி ஒரு வரியில் வந்து போகும். எப்படிப்பட்ட கூரைக்குக் கீழே படுத்தார்கள் என்று எதிலும் இல்லை.

அதனால் ஒரு வீட்டைக் கட்டியே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அகழாய்வில் கிடைத்த கம்பக் குழிகளின் அளவை வைத்து வரைபடம் போட்டேன். ஆணி கிடையாது. தீப்பெட்டி கிடையாது. மூங்கில், பனைநார், கீற்று, காலால் மிதித்த களிமண், அவ்வளவுதான். கட்டி முடித்து அதில் ஏழு நாள் அந்தக் காலத்து ஆளாகவே வாழ வேண்டும். குறிப்பு எழுதுவதற்காகக் குறிப்பேடும் ஒரு கைக்கடிகாரமும் மட்டும் மடியில் இருந்தன.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். வாய்க்கால் கரையில் வெறும் திடல். அந்த ஊர்ப் பண்ணைக்காரர் இடம் கொடுத்தார். ஒரே நிபந்தனை. எட்டாம் நாள் வீட்டைப் பிரித்து, திடலைக் காலியாக ஒப்படைக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சுவர் வைக்க அதே ஊர் செவ்வந்தியக்கா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நடவு வேலைக்குப் போகிறவர். மண் பிசைவதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. திடலைப் பார்த்ததும் வேறு இடம் கிடைக்காதா என்று கேட்டார். கிடைக்காது என்றேன். சேலையைச் செருகிக்கொண்டு மண் எடுக்க வாய்க்காலுக்குள் இறங்கினார்.

மண்சுவரை ஒரே நாளில் எழுப்ப முடியாது. ஒரு முழம் வைத்து, காயவிட்டு, மறுநாள் அடுத்த முழம். மூன்றாம் நாள் காலையில் ஒன்றைக் கவனித்தேன். முந்தின நாள் மாலை கரடுமுரடாக விட்டுப்போன சுவர் வழவழவென்று பூசியிருந்தது. அக்காவிடம் கேட்டேன். அவர் பூசவில்லை. சுவரில் உள்ளங்கைத் தடங்கள் இருந்தன. அவர் கையைவிடச் சின்னக் கை. அக்கா தண்ணீர் தொட்டு அவற்றை அழித்தார்.

நான்காம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாளும்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கத்தான் முடிந்தது. அந்தத் திடல் பக்கம் யாருமே வருவதில்லை. ஆடு மேய்ப்பவர்கள்கூடச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கூரை வேய்ந்து, பன்னிரண்டு நாள் காயவிட்டுக் குடியேறினேன். முதல் ஐந்து நாள் எதுவும் இல்லை. திருகையில் அரைத்தேன். கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்கக் கற்றுக்கொண்டேன். கை கொப்பளித்தது. மனசு நிறைந்திருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய என் பாட்டனார் ஒருவர் இப்படித்தான் கால் நீட்டியிருப்பார் என்று எழுதி வைத்தேன்.

ஆறாம் நாள். மாலை 6:35. இலுப்பை எண்ணெய் விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

தப்... தப்...

சுவருக்கு வெளியே ஈர மண்ணை அறையும் சத்தம். எழுந்து வெளியே போனேன். சத்தம் நின்றது. வீட்டைச் சுற்றி வந்தேன். யாரும் இல்லை. மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. சுவரைத் தொட்டேன்.

பதினேழு நாள் வெயிலில் காய்ந்த சுவர்... ஈரமாக இருந்தது.

6:42. உள்ளே வந்து உட்கார்ந்தேன். வாசலுக்கு வெளியே ஒரு பெண் குரல்.

“முடிஞ்சிடுச்சா?”

செவ்வந்தியக்கா என்றுதான் நினைத்தேன்.

“முடிஞ்சிடுச்சுக்கா. உள்ள வாங்க.”

விளக்குச் சுடர் சாய்ந்தது. யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் எதிர்ச் சுவரோரம் கிடந்த கோரைப்பாய் மெல்ல அமுங்கியது.

மழையில் நனைந்த மண் வாசனை.

மூச்சு விடும் சத்தம். ஒன்று இல்லை... இரண்டு.

ஒரு பிள்ளையின் குரல். எட்டு, ஒன்பது வயது இருக்கும்.

“ம்மா... இது நம்ம வீடா?”

“நம்ம வீடுதான். படு. இனிமே யாரும் பிரிக்க மாட்டாங்க.”

என்னால் அசைய முடியவில்லை.

அழுதேன். பயத்தில் மட்டும் இல்லை.

7:10. விளக்கு அணைந்தது.

ஓடினேன்...

செவ்வந்தியக்கா வீட்டு வாசலில் போய் விழுந்தேன். கேட்ட வார்த்தைகளைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாம் சொன்னார்.

குடிசை போட்டிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்த சமயம். அளக்க வருகிறவர்கள் கண்ணில் குடிசை படக் கூடாது என்று அதே பண்ணைக்காரரின் ஆட்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். அந்தத் திடலில் வேம்பு என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் கூலிப் போராட்டத்தில் சிறைக்குப் போயிருந்தான். மூன்று முறை பிரித்தார்கள். மூன்று முறையும், நடவு முடிந்து வந்து, பொழுது சாயும் நேரத்தில் தனியாகச் சுவர் வைத்தாள். 1973 ஐப்பசியில் நான்காவது முறை. ஆள் உள்ளே இருந்தால் பிரிக்க மாட்டார்கள் என்று உள்ளேயே படுத்துவிட்டாள்.

“வெளிய வான்னு கூப்பிட்டாங்க தம்பி. அவ வரல. மழை வேற. ஈரச் சுவரு. தள்ளிட்டாங்க.”

மறுநாள் பண்ணைக்காரரைப் பார்த்து, வீட்டைப் பிரிக்க மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். வேம்பு அன்று மாலை சொன்னதை அவளுடைய வார்த்தையிலேயே சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டாம் நாள் திடலுக்கு அவர் ஆள் அனுப்பவில்லை. நான் ஆராய்ச்சியை விட்டுவிட்டுத் திருவையாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்தேன். வீடு நான்கு மழைக்காலம் தாங்கியது. பிறகு தானாகக் கரைந்தது.

அது கரைந்த செய்தி கேட்டுச் செவ்வந்தியக்காவைப் பார்க்கப் போனேன். இத்தனை வருஷமாகக் கேட்காத ஒன்றை அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தப் பிள்ளை ஆணா, பெண்ணா?

அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

“வேம்புக்கு ஏது தம்பி பிள்ள? சுவரு விழுந்தப்ப வயித்துல எட்டு மாசம்.”

பிறந்திருந்தால், நான் அந்தக் குரலைக் கேட்ட வருஷம் அதற்கு எட்டு வயது.